கேஸ் தீர்ந்தது, எடை எங்கே போனது?

நாகர்கோவிலில் அண்ணன் வீட்டுக்குப் போயிருந்தபோது, தோசைக்கல் காயும் நேரம் பார்த்து அடுப்பு அணைந்தது. "கேஸ் தீந்துட்டு" என்று அண்ணி உள்ளேயிருந்து குரல் கொடுத்தார். புதுச் சிலிண்டரை உருட்டி வரும் வேலை எனக்கு வந்தது. காலிச் சிலிண்டரைப் பின்கட்டுக்குக் கொண்டுபோகும் வேலையை ஏழாம் வகுப்பு படிக்கும் அண்ணன் மகள் தானாகவே எடுத்துக்கொண்டாள். இரண்டு அடி நகர்த்தியதும் நின்றுவிட்டாள்.

"காலின்னு சொன்னீங்க, இதுவே என்னா கனம் கனக்கு!"

காலிச் சிலிண்டரின் எடை எவ்வளவு என்று அதன் மேலேயே அடித்திருப்பார்கள். மேல்வளையத்தைத் தாங்கும் இரும்புப் பட்டைகளில் தேடினால் கிடைக்கும். எங்கள் சிலிண்டரில் 15.3 கிலோ என்று இருந்தது. புதிதாக வரும்போது அதற்குள் 14.2 கிலோ எரிவாயு கூடுதலாக இருக்கும். ஒன்றரை மாதத்துக்கு முன்பு 29.5 கிலோவாக இந்த வீட்டுக்குள் வந்த பொருள் இப்போது 15.3 கிலோவாக வெளியே போகிறது.

"அப்ப மிச்சம் 14 கிலோ எங்க போச்சு?" என்று கேட்டேன்.

"எரிஞ்சு போச்சு."

"எரிஞ்சு எங்க போச்சு?"

அவள் அடுப்பைப் பார்த்தாள். அடுப்பில் சாம்பல் இல்லை. சுவரில் கரி இல்லை. பதிலும் இல்லை.

குழந்தைகளுக்குக் 'கார்பன் தடம்' என்றால் என்னவென்று சொல்லித்தரும் புத்தகங்கள் பெரும்பாலும் உருகும் பனிப்பாறையில் தொடங்குகின்றன, மரம் நடும் படத்தில் முடிகின்றன. நடுவே பிளாஸ்டிக் பை, ஓசோன் ஓட்டை, தண்ணீர்க் குழாயை மூடுதல் என எல்லாம் ஒரே சாம்பாரில் விழுந்துவிடுகின்றன. குழந்தை அதை ஒரு நல்லொழுக்கப் பாடமாக மனப்பாடம் செய்கிறது. பெரியவர்களுக்கு வணக்கம் சொல்ல வேண்டும், சார்ஜரைப் பிடுங்கி வைக்க வேண்டும் என்பது மாதிரி. எனக்கு இதில் உடன்பாடில்லை. கார்பன் தடம் என்பது ஒரு எடை. கிலோவில் சொல்லக்கூடியது. எதற்கு எத்தனை கிலோ என்று கைக்குப் பிடிபட்டுவிட்டால், எதைக் குறைப்பது என்று குழந்தைக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

எனவே அந்த 14 கிலோவைத் தேடினோம்.

சமையல் எரிவாயு என்பது புரொப்பேனும் பியூட்டேனும் கலந்தது. இரண்டுமே கார்பனும் ஹைட்ரஜனும் மட்டும் சேர்ந்த சேர்மங்கள். 14.2 கிலோவில் ஏறக்குறைய 11.7 கிலோ கார்பன். மீதி இரண்டரை கிலோ ஹைட்ரஜன். எரியும்போது ஒவ்வொரு கார்பன் அணுவும் காற்றிலிருந்து இரண்டு ஆக்சிஜன் அணுக்களைப் பிடித்துக்கொள்கிறது. கார்பன் அணுவின் எடை 12 என்றால் அந்த இரண்டு ஆக்சிஜனின் எடை 32. ஆக 12 கிலோ கார்பன் எரிந்தால் 44 கிலோ கார்பன் டை ஆக்சைடு. இதை எங்கள் 11.7 கிலோவுக்குப் போட்டுப் பார்த்தால் 43 கிலோ வருகிறது.

அவள் பேனாவைக் கீழே வைத்துவிட்டாள். "14 கிலோதான சித்தப்பா இருந்துச்சு? அது எப்படி 43 ஆகும்?"

அரிசியை உலையில் போட்டால் சோறு இரண்டரை மடங்கு கனக்கிறதே, அது எப்படி? தண்ணீரைக் குடித்துக் கனக்கிறது. எரிவாயு ஆக்சிஜனைக் குடித்துக் கனக்கிறது. கணக்கு அவ்வளவுதான். ஆனால் வளர்ந்தவர்களே இந்த இடத்தில் சறுக்குவதைப் பார்த்திருக்கிறேன். ஒரு லிட்டர் பெட்ரோல் முக்கால் கிலோகூட இருக்காது, எரிந்தால் 2.3 கிலோ கார்பன் டை ஆக்சைடு என்றால் நம்ப மறுப்பார்கள். எரிதல் என்றால் அழிதல் என்று நம் மொழியே பழக்கிவிட்டது. உண்மையில் எரிதல் ஒரு கூட்டல்.

அந்த இரண்டரை கிலோ ஹைட்ரஜனையும் விட்டுவிட வேண்டாம். அதுவும் ஆக்சிஜனோடு சேர்ந்து 22 கிலோ நீராவி ஆகிறது. ஒரு சிலிண்டரை எரித்து முடிப்பதற்குள் ஒன்றரைக் குடம் தண்ணீரை அடுப்படிக் காற்றில் ஊற்றியிருக்கிறோம். இதற்கும் தட்பவெப்பக் கணக்குக்கும் பெரிய தொடர்பில்லை, மழையாக இறங்கிவிடும். சொல்லாமல் விட மனமில்லை, அதனால் சொன்னேன்.

43 கிலோ வாயு என்றால் எத்தனை பெரியது? சாதாரண வெப்பத்தில் ஒரு கன மீட்டர் கார்பன் டை ஆக்சைடு 1.8 கிலோ இருக்கும். ஆக 24 கன மீட்டர். பத்தடிக்குப் பத்தடி அறை, எட்டரை அடி உயரம். அவள் படித்துத் தூங்கும் அறையும் அந்த அளவுதான். ஒரு சிலிண்டருக்கு ஓர் அறை. வருஷத்துக்கு எட்டுச் சிலிண்டர், எட்டு அறை.

"ஆனா புகையே வரலியே" என்றாள்.

கரி என்ற சொல் நம்மைக் கறுப்பாகவே நினைக்க வைக்கிறது. கார்பன் என்றால் கரும்புகை, லாரிக்குப் பின்னால் வருவது, பட்டாசு கக்குவது என்று குழந்தைகள் நினைக்கிறார்கள். கரும்புகை என்பது சரியாக எரியாத கார்பன். நீலச் சுடரோடு சுத்தமாக எரியும் அடுப்புதான் தன் கார்பன் முழுவதையும் கண்ணுக்குத் தெரியாத வாயுவாக மாற்றி அனுப்புகிறது. நுரையீரலுக்கு அது நல்லது. விறகுப் புகையில் கண் கலங்கிய தலைமுறையிடம் கேட்டால் தெரியும். ஆனால் கணக்கு வேறு.

கண்ணுக்குத் தெரியாததைக் காட்ட என் அம்மாவின், அதாவது அவளுடைய ஆச்சியின், வெற்றிலைச் செல்லம் உதவியது. பாக்கு அளவு சுண்ணாம்பை ஒரு பாட்டில் தண்ணீரில் கரைத்து இரவு முழுக்க அசையாமல் வைத்தோம். காலையில் மேலே தெளிந்து நின்ற நீரை மட்டும் ஒரு கண்ணாடித் தம்ளரில் இறுத்துக்கொண்டோம். அதற்குள் உறிஞ்சுகுழலை வைத்து அவள் மெதுவாக ஊதினாள். ஊத மட்டும்தான் வேண்டும், உறிஞ்சக் கூடாது. சுண்ணாம்பு நீர் வாயைப் பொத்துவிடும், பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருக்க வேண்டும். ஒரு நிமிஷத்துக்குள் தெளிந்த நீர் மோர் மாதிரி கலங்கியது. மூச்சிலிருந்த கார்பன் டை ஆக்சைடு சுண்ணாம்போடு சேர்ந்து, கரையாத சுண்ணாம்புக்கல் துகளாக மிதந்தது. பிறகு ஒரு காலிப் பாட்டிலுக்குள் மெழுகுவர்த்தியை எரியவிட்டு எடுத்து, தெளிநீரை ஊற்றி மூடிக் குலுக்கினோம். அதே மோர்.

மைக்கேல் பாரடே லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் சிறுவர்களுக்காக ஆற்றிய உரைகளில் இதைத்தான் செய்து காட்டினார். ஒரு மெழுகுவர்த்தியை மட்டுமே பொருளாக வைத்து ஆறு உரைகள். 1860-ஆம் ஆண்டு முடிந்து 1861 பிறக்கும் குளிர்கால விடுமுறையில் பேசியவை 1861-இல் நூலாக வந்தன. சுடர் விடும் வாயுவும் குழந்தை விடும் மூச்சும் ஒன்றே என்பதுதான் அந்த உரைகள் போய்ச் சேரும் இடம். நூற்றறுபது வருஷத்துக்குப் பிறகும் இதைவிடச் சிக்கனமான பாடத்தை நான் பார்த்ததில்லை. பாரடேக்கு வெற்றிலைச் செல்லம் வாய்க்கவில்லை, அவ்வளவுதான் குறை.

இந்தச் சோதனை ஒரு சிக்கலையும் கொண்டுவரும், தயாராக இருங்கள். "அப்ப நான் மூச்சு விடுறதும் தப்பா?" என்று குழந்தை கேட்கும். நாம் ஒவ்வொருவரும் நாளுக்கு ஏறக்குறைய ஒரு கிலோ கார்பன் டை ஆக்சைடை மூச்சில் விடுகிறோம். ஆனால் அது கார்பன் தடத்தில் சேராது. ஏன் சேராது என்பதற்குப் பதில், அந்த வீட்டில் தினமும் நூறு தடவை சொல்லப்படும் ஒரு சொல்லுக்குள் இருக்கிறது. 'கேஸ்'.

அந்தச் சொல்லை உண்டாக்கியவர் பிரஸ்ஸல்ஸ் பக்கம் வாழ்ந்த யான் பாப்டிஸ்ட் வான் ஹெல்மான்ட் என்ற மருத்துவர். 62 பவுண்டு கரியை எரித்தார், ஒரு பவுண்டு சாம்பல்தான் மிஞ்சியது. காணாமல் போன 61 பவுண்டும் கண்ணுக்குத் தெரியாத ஏதோ ஒன்றாகப் பறந்திருக்க வேண்டும் என்று முடிவு செய்தார். அதற்குப் பெயர் வேண்டியிருந்தது. ஒழுங்கற்ற பெருவெளியைக் குறிக்கும் 'கேயாஸ்' என்ற கிரேக்கச் சொல்லிலிருந்து 'கேஸ்' என்று வைத்தார். அண்ணி அடுப்படியிலிருந்து கத்திய சொல்லின் பூர்வீகம் அதுதான்.

அதே மனிதர் இன்னொரு சோதனையும் செய்தார். 200 பவுண்டு உலர்ந்த மண்ணைத் தொட்டியில் போட்டு, 5 பவுண்டு எடையுள்ள ஒரு வில்லோ கன்றை நட்டு, ஐந்து வருஷம் தண்ணீர் மட்டும் ஊற்றினார். மரம் 169 பவுண்டாக வளர்ந்தது. மண்ணைக் காயவைத்து நிறுத்தால் குறைந்தது இரண்டு அவுன்சு. மரம் மண்ணைத் தின்று வளரவில்லை என்று அன்றே தெரிந்துவிட்டது. அப்படியானால் 164 பவுண்டும் எதிலிருந்து வந்தது? தண்ணீரிலிருந்து என்று எழுதினார்; அவர் இறந்தபின் 1648-இல் மகன் வெளியிட்ட நூலில் அது இருக்கிறது.

பாதி சரி. மீதிப் பாதி அவர் ஏற்கெனவே பெயர் வைத்திருந்த அந்தக் கேஸ். கரி எரிந்து எதுவாகப் போனதோ அதையேதான் மரம் இலை வழியாக இழுத்துத் தண்டாக மாற்றிக்கொள்கிறது. ஒரு கையில் கரி, மறு கையில் மரம், இரண்டையும் நிறுத்துப் பார்த்தவர் அவர். முடிச்சுப் போடத் தவறிவிட்டார். அறிவியல் வரலாற்றில் எனக்கு மிகவும் பிடித்த தவறு இது. ஏனென்றால் ஏழாம் வகுப்புப் பிள்ளை அந்த முடிச்சைப் போட்டுவிட முடியும். அவள் போட்டாள். "அப்ப நம்ம வேப்ப மரம் காத்துல செஞ்சதா?"

ஆமாம். சோறும் அப்படித்தான். நாம் இன்று மூச்சில் விடும் கார்பன், சில மாதங்களுக்கு முன்பு நெற்பயிர் காற்றிலிருந்து எடுத்தது. கடன் வாங்கி அறுவடைக்கு அறுவடை திருப்பித் தருவதுபோல வரவும் செலவும் சரி. சிலிண்டர்க் கார்பன் அப்படியில்லை. அது கோடிக்கணக்கான வருஷங்களுக்கு முன்பு கடலில் மிதந்த நுண்ணுயிர்கள் காற்றிலிருந்து எடுத்து மண்ணுக்கடியில் புதைத்துவைத்தது. நாம் அதைத் தோண்டி எடுத்து ஒன்றரை மாதத்தில் காற்றில் விடுகிறோம். அதே வேகத்தில் திருப்பி எடுத்துக்கொள்ள யாரும் இல்லை. தொழிற்புரட்சிக்கு முன்பு காற்றில் பத்து லட்சத்துக்கு 280 பங்கு கார்பன் டை ஆக்சைடு இருந்தது. சார்லஸ் கீலிங் 1958-இல் ஹவாய்த் தீவின் மௌனா லோவா மலையில் அளக்கத் தொடங்கியபோது ஏறக்குறைய 315. இப்போது 420-ஐத் தாண்டிவிட்டது.

அந்த வாயு கூடுதலாகச் சூடேறுகிறது என்பதை முதலில் காட்டியதும் இரண்டு சிலிண்டர்கள்தான். அமெரிக்கப் பெண்மணி யூனிஸ் பூட் இரண்டு கண்ணாடி உருளைகளுக்குள் வெப்பமானி வைத்து, ஒன்றில் சாதாரணக் காற்றையும் மற்றதில் கார்பன் டை ஆக்சைடையும் அடைத்து வெயிலில் வைத்தார். இரண்டாவது அதிகம் சுட்டது, ஆறவும் நேரம் எடுத்தது. 1856-இல் ஓர் அறிவியல் மாநாட்டில் அவருடைய கட்டுரையை ஓர் ஆண்தான் வாசித்தார். சூடு வெளியேறாமல் தடுக்கப்படும் விதத்தை ஜான் டிண்டல் 1859-இல் தொடங்கிய சோதனைகளில் முறையாக அளந்தார்.

மரத்துக்குத் திரும்புவோம். ஒரு சிலிண்டரின் 11.7 கிலோ கார்பனை மரம் திரும்ப எடுக்க வேண்டுமானால் அது எத்தனை கிலோ வளர வேண்டும்? உலர்ந்த மரத்தின் எடையில் ஏறக்குறைய பாதி கார்பன். ஆக 23, 24 கிலோ மரக்கட்டை. வருஷத்துக்கு எட்டுச் சிலிண்டர் என்றால் 190 கிலோ, ஒவ்வொரு வருஷமும். அதுவும் அந்த மரம் எரியாமல், மட்காமல் நிற்க வேண்டும். மரம் நடு விழாவில் ஒரு சாண் கன்றோடு படம் எடுத்துக்கொண்டு கணக்கு முடிந்தது என்று கையைத் தட்டிவிடும் பெரியவர்களை இனி அவள் சந்தேகத்தோடு பார்ப்பாள். மரம் நடட்டும்; நிழலுக்கு, குருவிக்கு, மாங்காய்க்கு. சிலிண்டருக்குப் பரிகாரமாக வேண்டாம்.

அடுத்து கரண்ட். மின்வாரிய அட்டையை எடுத்துப் பார்த்தோம். இரண்டு மாதத்துக்கு 250 யூனிட்டை ஒட்டிப் போகிற வீடு. இந்தியாவில் ஒரு யூனிட் மின்சாரத்துக்குச் சராசரியாக 700 கிராம் கார்பன் டை ஆக்சைடு வெளியாகிறது, இன்றும் பெரும்பகுதி நிலக்கரியிலிருந்து வருவதால்.

"எங்க ஊர் கரண்டு காத்தாடிக் கரண்டுதான?" என்றாள். நியாயமான கேள்வி. ஆரல்வாய்மொழிக் கணவாயில் பஸ் நுழைந்ததிலிருந்து முப்பந்தல் தாண்டும்வரை இரண்டு பக்கமும் காற்றாலைதான். ஆனால் மின்கம்பி எந்த ஊருக்கும் தனியாக இல்லை. பத்துக் கால்வாய் வந்து விழும் குளத்தில், இந்த வாளித் தண்ணீர் பேச்சிப்பாறை அணையா நேற்றைய மழையா என்று பிரித்துச் சொல்ல முடியாது. தூத்துக்குடி அனல்மின் நிலையமும் கூடங்குளம் அணு உலைகளும் முப்பந்தல் காற்றாலையும் ஒரே குளத்தில்தான் விழுகின்றன. ஆனால் குளத்தில் எந்தத் தண்ணீர் அதிகம் என்பது நேரத்துக்கு நேரம் மாறும். ஆடிக்காற்று அடிக்கும் மாதங்களில் காற்று மின்சாரம் பொங்கும். உச்சிப் பகலில் சூரிய மின்சாரம். விளக்கு வைத்தபின், ஊரே டிவி முன்னால் உட்காரும் நேரத்தில், நிலக்கரிதான் கைகொடுக்கிறது. துவைக்கும் எந்திரத்தை மத்தியானம் ஓட்டலாம் என்ற யோசனை அவளே சொன்னது.

பள்ளியில் அவளுக்குக் கொடுத்திருந்த உறுதிமொழி, சார்ஜரைத் தினமும் பிடுங்கி வைப்பது. ஒரு வருஷமாகத் தவறாமல் செய்கிறாள். அளந்து பார்த்தோம். ஒரு யூனிட் மின்சாரத்தில் ஒரு செல்போனை 40 தடவையாவது முழுதாகச் சார்ஜ் செய்யலாம். 15 லிட்டர் வாளித் தண்ணீரைக் குளிக்கும் பதத்துக்கு 15 பாகை சூடேற்ற கால் யூனிட். அதாவது பத்து சார்ஜ். ஒன்றரை டன் ஏ.சி. மணிக்கு ஒரு யூனிட் இழுத்தால், ஓர் இரவு எட்டு மணி நேரம் ஓடியதற்கு 320 சார்ஜ். ஒரே இரவு, ஏறக்குறைய ஒரு வருஷப் போன். சும்மா செருகியிருக்கும் சார்ஜர் இழுப்பது இந்தப் பட்டியலில் தெரியவே தெரியாது.

அவள் முகம் விழுந்துவிட்டது. ஒரு வருஷ உழைப்பு. எனக்கும் சங்கடமாகத்தான் இருந்தது. ஆனால் குழந்தையிடம் தூசு அளவு வேலையைக் கொடுத்து உலகைக் காப்பாற்றச் சொல்வதுதான் ஏமாற்று. போன் விஷயத்தில் கனமான இடம் வேறு. அதைச் செய்து நம் கைக்குக் கொண்டுவருவதற்குள் பொதுவாக 50 கிலோவுக்கு மேல் கார்பன் டை ஆக்சைடு போய்விடுகிறது. ஒரு வருஷம் தினமும் சார்ஜ் செய்ய 6, 7 கிலோதான். அதனால் அப்பா இந்த வருஷம் புதுப் போன் வாங்காமல் பழையதையே வைத்துக்கொண்டால், அவள் சார்ஜரைப் பிடுங்கியதைவிட எத்தனையோ மடங்கு மிச்சம். இதைக் கேட்டதும் அவளுக்குத் தெம்பு வந்தது. அண்ணனுக்குத்தான் இல்லை.

மஞ்சப்பையும் இதே கதைதான். தமிழக அரசு 2021 டிசம்பரில் தொடங்கிய 'மீண்டும் மஞ்சப்பை' நல்ல காரியம். வாய்க்கால் அடைப்பதும் மாட்டு வயிற்றில் பாலித்தீன் சேர்வதும் குறையும். ஆனால் அது குப்பைக் கணக்கு. பிரிட்டனின் சுற்றுச்சூழல் முகமை 2011-இல் வெளியிட்ட ஆய்வில், கார்பன் கணக்கில் மட்டும் ஒரு மெல்லிய பிளாஸ்டிக் பைக்கு ஈடாகப் பருத்திப்பையை 131 தடவை பயன்படுத்த வேண்டும் என்று வந்தது. கல்யாண வீட்டில் கொடுத்த மஞ்சப்பையைக் கிழியும்வரை தூக்கிய நம் பாட்டிகள் அந்தக் கணக்கைத் தாண்டியிருப்பார்கள். விழாவுக்கு விழா புதுப்பை வாங்கிக் குவிப்பவர்கள் தாண்ட மாட்டார்கள்.

எல்லாவற்றையும் கூட்டினோம். எட்டுச் சிலிண்டர் 344 கிலோ. 1500 யூனிட் 1050 கிலோ. அண்ணன் பைக்குக்கு வருஷம் 150 லிட்டர் பெட்ரோல், 345 கிலோ. மொத்தம் 1739 கிலோ. நாலு பேர் வீடு. தலைக்கு 435 கிலோ.

இந்தியாவில் ஓர் ஆளுக்குச் சராசரி ஏறக்குறைய இரண்டு டன். உலகச் சராசரி ஐந்து டன்னை ஒட்டி. அமெரிக்காவில் பதினான்கு டன்னை ஒட்டி. எங்கள் கணக்கில் வந்தது இரண்டு டன்னில் நாலில் ஒரு பங்குகூட இல்லை.

"மிச்சத்த யாரு விட்டா?"

இரும்பு உருக்காலை, உர ஆலை, சரக்கு லாரி, துணி, மருந்து, ஆஸ்பத்திரி, ரோடு. பில் நம் வீட்டுக்கு வராததால் நமக்குத் தெரிவதில்லை. ஒன்றை மட்டும் அவளால் தொட்டுப் பார்க்க முடிந்தது. மாடியில் போன வருஷம் 600 சதுர அடி கட்டியிருந்தார்கள். 240 மூட்டை சிமெண்ட். வெற்றிலைச் சுண்ணாம்புச் சோதனையைத் தலைகீழாக்கினால் சிமெண்ட். சுண்ணாம்புக்கல்லைச் சூளையில் வேகவைத்தால் 100 கிலோவில் 44 கிலோ கார்பன் டை ஆக்சைடாகப் பறந்து 56 கிலோதான் சுண்ணாம்பாக மிஞ்சும். சூளைக்கு எரிக்கும் நிலக்கரி வேறு. 50 கிலோ மூட்டைக்கு 30 கிலோவை ஒட்டி வருகிறது. 240 மூட்டைக்கு ஏழு டன். அந்த வீட்டின் நாலு வருஷ கேஸ், கரண்ட், பெட்ரோல் எல்லாம் சேர்ந்த கனம், கம்பியும் செங்கல்லும் சேர்க்காமலே, தலைக்கு மேலே நின்றுகொண்டிருக்கிறது.

இதை ஏன் இத்தனை விரிவாகச் சொல்கிறேன் என்றால், 'தடம்' என்ற சொல்லுக்கே ஒரு வரலாறு உண்டு. கனடாவின் வில்லியம் ரீஸ் என்ற அறிஞர் 1992-இல் 'சூழலியல் தடம்' என்ற கருத்தை எழுதினார். ஒரு நகரம் வாழ எவ்வளவு நிலம் தேவை என்பது அவர் கேள்வி. 'கார்பன் தடம்' வீட்டுக்கு வீடு பரவியது 2000-களின் தொடக்கத்தில், பிரிட்டிஷ் எண்ணெய் நிறுவனமான பிபி செய்த விளம்பரங்களால். 2004-இல் தன் இணையதளத்தில் ஒரு கணக்கிடும் கருவியையும் வைத்தது. எண்ணெய் விற்பவரே வாங்குபவரிடம் உன் கணக்கு என்ன என்று கேட்பது எவ்வளவு வசதியான ஏற்பாடு! அதற்காக அளவையைத் தூக்கி எறிய வேண்டியதில்லை. தராசு நல்லது, கடைக்காரர் தட்டில் மட்டும் எதுவும் வைக்காமல் நிறுப்பதுதான் தப்பு. ஒரு குழந்தை தன் வீட்டுக் கணக்கோடு நிறுத்திக்கொண்டால், மீதியெல்லாம் இயற்கையாக நடப்பது என்று நினைத்துவிடும்.

திருவண்ணாமலை மாணவி வினிஷா உமாசங்கர் தன் வீட்டு அட்டையைப் பார்க்கவில்லை. தெருவில் இஸ்திரிக்காரர் எரித்த கரியைக் கொட்டுவதைப் பார்த்தார். சூரிய ஒளியில் ஓடும் இஸ்திரி வண்டியை வடிவமைத்தார். 2021-இல் கிளாஸ்கோ தட்பவெப்ப மாநாட்டில் உலகத் தலைவர்கள் முன் பேசினார். எல்லாப் பிள்ளையும் கிளாஸ்கோ போக வேண்டியதில்லை. கனமான இடத்துக்குக் கண் போனது, அதுதான் விஷயம்.

நாஞ்சில் நாட்டுப் பிள்ளைக்கு அப்படி ஓர் இடம் வயல். மாலையில் நடந்து போனபோது, நடவு முடிந்து தண்ணீர் நின்ற வயலில் அவள் காலை வைத்தாள். சேற்றிலிருந்து குமிழ் குமிழாக வந்தது. தண்ணீர் மூடிய சேற்றில் ஆக்சிஜன் புகாது. அங்கே வாழும் நுண்ணுயிர்கள் மக்கும் வேரையும் தாளையும் தின்று மீத்தேனை விடுகின்றன. குமிழில் வருவது கொஞ்சம்தான். பெரும்பகுதி நெற்பயிரின் உள்ளே இருக்கும் காற்றுக்குழாய் வழியாக, தண்டைப் புகைபோக்கியாக்கிக்கொண்டு வெளியேறுகிறது. நூறு வருஷக் கணக்கில் ஒரு கிலோ மீத்தேன் 28 கிலோ கார்பன் டை ஆக்சைடுக்குச் சமம். மனிதர் வெளியேற்றும் மீத்தேனில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு உலகத்தின் நெல்வயல்களிலிருந்து வருகிறது.

சோறு தின்னாதே என்று நான் சொல்லப்போவதில்லை. வயலுக்குத் தண்ணீரை எப்போதும் கட்டி வைக்காமல், மண்ணை லேசாக வெடிக்கும் அளவுக்குக் காயவிட்டுப் பிறகு பாய்ச்சினால் மீத்தேன் ஏறக்குறைய பாதியாகக் குறைகிறது, விளைச்சல் பெரிதாகக் குறையாமலே. துளை போட்ட ஒரு குழாயை வயலில் புதைத்து நீர்மட்டம் பார்ப்பார்கள். உலகம் இதற்கு நீளமான பெயர்கள் வைத்திருக்கிறது. நம் விவசாயிகள் 'காய்ச்சலும் பாய்ச்சலும்' என்பார்கள். மடை திறக்கும் முறையும், பம்புசெட்டுக்குக் கரண்ட் எப்போது வரும் என்ற நிச்சயமும் இருந்தால்தான் அது நடக்கும். அதைச் செய்ய வேண்டியது ஏழாம் வகுப்பு இல்லை. ஆனால் மடை எப்படித் திறக்கிறார்கள் என்று கேட்க ஏழாம் வகுப்பு போதும். மறுநாள் கேட்டாள். வயல்காரர் அரை மணி நேரம் சொன்னார்.

ஊருக்குத் திரும்புமுன் அவளிடம் ஒரே ஒரு வேலை கொடுத்தேன். சிலிண்டர் மாட்டிய தேதியைக் காலண்டரில் குறித்து, அது எத்தனை நாள் ஓடுகிறது என்று பார்ப்பது. போன சிலிண்டர் 41 நாள் ஓடியதாக அண்ணியின் புக்கிங் குறுஞ்செய்திகளிலிருந்து தெரிந்தது. கடலையையும் பருப்பையும் முந்தின இரவே ஊறப்போடுவது, கொதி வந்ததும் தீயைக் குறைப்பது, திறந்த பாத்திரத்தில் வேகவைப்பதைக் குக்கருக்கு மாற்றுவது என்று அடுப்படியில் அவள் சில சட்டங்கள் போட்டாள். அண்ணி பாதியை ஏற்றுக்கொண்டார்.

ஒன்றரை மாதம் கழித்துப் போனில் கூப்பிட்டாள். "47 நாள் ஓடிருக்கு சித்தப்பா! ஆறு நாள் மிச்சம்!" நாளுக்கு ஒரு கிலோ போல, ஆறு கிலோ கார்பன் டை ஆக்சைடு. நானும் குஷியாகிப் பாராட்டத் தொடங்கினேன். பின்னாலிருந்து அண்ணியின் குரல் கேட்டது: "ஆச்சி வள்ளியூர்ல அத்த வீட்டுல ரெண்டு வாரம் இருந்தாவல்லா? தெனம் ரெண்டு வேளை வெந்நி போடல. அதையும் சொல்லு."

போனில் கொஞ்ச நேரம் சத்தமில்லை. அடுத்த முறை போனபோது காலண்டரைப் பார்த்தேன். 47 என்று பெரிதாக எழுதிய இடத்துக்குப் பக்கத்தில், பென்சிலால் சின்னதாக, 'ஆச்சி இல்லை' என்று சேர்த்திருந்தாள். அடுத்த சிலிண்டர் மாட்டி அன்றைக்கு ஒன்பதாவது நாள்.